கிருமிகளின் கைமாற்று

(பன்னிரண்டாம் வகுப்பு, உயிரியல் பிரிவு மாணவியர்)

"தாயைப் போலப் பிள்ளை, நூலைப் போலச் சேலை" என்று நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். பெண் பார்க்க வருகிறவர்கள் பெண்ணைப் பார்ப்பதற்கு முன்னால் அவளுடைய தாயை ஏற இறங்கப் பார்ப்பதும் இந்தப் பழமொழியை நம்பித்தான். அகுஸ்தீன் சபைத் துறவியான கிரகோர் மெண்டல், மடத்துத் தோட்டத்தில் ஆண்டுக்கணக்கில் பட்டாணிச் செடி வளர்த்து 1866-ஆம் ஆண்டு வெளியிட்ட கட்டுரையும் ஒரு வகையில் இதையே கணக்குப் போட்டுக் காட்டியது. பெற்றோரிடம் உள்ளதுதான் பிள்ளைகளுக்கு வரும். நெட்டைச் செடி, குட்டைச் செடி, மஞ்சள் விதை, பச்சை விதை என்று அவர் எண்ணி எண்ணி எழுதி வைத்ததை நாங்கள் தேர்வுக்காக மனப்பாடம் செய்தோம். (அவர் நம் திருச்சபையின் குருவானவர் என்பதால், அந்தப் பாடத்தின்மேல் எங்களுக்குக் கொஞ்சம் சொந்தம் கொண்டாடும் எண்ணமும் உண்டு.)

ஆனால் அன்புத் தோழியரே, கண்ணுக்குத் தெரியாத பாக்டீரியாக்கள் இந்தப் பழமொழியோடு நின்றுவிடுவதில்லை. தாயிடமிருந்து அவையும் பெறுகின்றன. ஒரு தாய்ச்செல் இரண்டாகப் பிளந்து இரண்டு மகள்செல்கள் ஆகும்போது, தாயின் டி.என்.ஏ. நகலாகி மகள்களுக்குப் போகிறது. இதோடு அவற்றுக்கு இன்னொரு வழியும் தெரியும். உலை கொதிக்கும் நேரத்தில் அரிசி குறைந்தால், அடுத்த வீட்டுக்குப் போய் ஓர் உழக்குக் கைமாற்று வாங்கி வா என்று அம்மா அனுப்புவார்களே, அதுபோல ஒரு பாக்டீரியா தன் பக்கத்தில் இருக்கும் இன்னொரு பாக்டீரியாவிடமிருந்து டி.என்.ஏ.வைக் கைமாற்றாக வாங்கிக்கொள்ளும். அந்த அடுத்த வீடு உறவினர் வீடாக இருக்கவேண்டும் என்றுகூட இல்லை. வேறு இனமானாலும் சரிதான். நாமாவது வாங்கிய அரிசியை ஒன்றாம் தேதிக்குப் பிறகு அளந்து திருப்பிக் கொடுக்கவேண்டும். அங்கே அந்தக் கவலையும் கிடையாது. வாங்கியவர் திருப்பித் தருவதில்லை, கொடுத்தவருக்கும் குறைவதில்லை.

பாடப்புத்தகத்தில் இரண்டு பக்கத்தில் முடிந்துபோகும் இந்தச் செய்தியை ஆண்டு மலருக்காக நாங்கள் எடுத்துக்கொண்டதற்குக் காரணம் ஒரு தாள். சென்ற ஆண்டு எங்கள் தோழி ஒருத்தி டைபாய்டு காய்ச்சலால் மூன்று வாரங்களுக்கு மேல் பள்ளிக்கு வரவில்லை. முதலில் கடையில் சொல்லி வாங்கிய மாத்திரைகளுக்குக் காய்ச்சல் காலையில் இறங்கும், மாலையில் ஏறும். பிறகு பொன்னமராவதியிலிருந்து திருச்சிக்கு அழைத்துப்போய், இரத்தத்தை எடுத்துக் கிருமி வளர்ப்புச் சோதனைக்குக் கொடுத்தார்கள். சில நாள் கழித்து வந்த முடிவுத்தாளை, அவளைப் பார்க்கச் சென்ற நாங்களும் வாங்கிப் பார்த்தோம். இடப்பக்கம் மருந்துகளின் பெயர்கள் வரிசையாக இருந்தன. வலப்பக்கம் ஒவ்வொன்றுக்கும் நேராக ஒரே ஓர் எழுத்து. 'எஸ்' என்றால் கிருமி அந்த மருந்துக்குக் கட்டுப்படும். 'ஆர்' என்றால் கட்டுப்படாது. சிப்ரோஃப்ளாக்சசினுக்கு 'ஆர்' என்று இருந்தது. செஃப்ட்ரியாக்சோன், அசித்ரோமைசின் இரண்டுக்கும் 'எஸ்'. அவற்றின் கீழே குளோராம்பெனிக்கால் என்ற பெயருக்கு நேராகவும் 'எஸ்'.

அங்கே சாய்வு நாற்காலியில் இருந்த அவளுடைய ஐயா, பெயர்களை ஒவ்வொன்றாக வாசிக்கச் சொல்லிக் கேட்டுக்கொண்டிருந்தவர், அந்தப் பெயர் வந்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தார். "அது குளோரோமைசிட்டின்ல? எங்க காலத்து மருந்தும்மா. அதுதான் கேக்க மாட்டேங்குதுன்னு நிறுத்திட்டாகளே, இப்ப எப்புடிக் கேக்குதாம்?" என்றார். தோழி செஃப்ட்ரியாக்சோன் ஊசி போட்டுக்கொண்டு நலம் பெற்றாள். ஆனால் ஐயாவின் கேள்விக்கு விடை தேடப்போனதில்தான் கைமாற்றுக் கதை முழுவதும் எங்களுக்குக் கிடைத்தது.

கதை மலாயாவில் தொடங்குகிறது. எங்கள் சுற்றுவட்டாரத்திலிருந்து தலைமுறை தலைமுறையாகக் கொண்டுவிற்கச் சென்ற அதே மலாயாதான். வெனிசுலா நாட்டு மண்ணில் வாழும் ஒரு நுண்ணுயிரியிலிருந்து 1947-இல் பிரித்தெடுக்கப்பட்ட குளோராம்பெனிக்கால் என்னும் புதிய மருந்தை, புதர்களில் உள்ள சிற்றுண்ணிகளால் வரும் ஒரு வகைக் காய்ச்சலுக்குச் சோதித்துப் பார்க்க 1948-இல் அமெரிக்க மருத்துவர்கள் கோலாலம்பூருக்கு வந்தார்கள். அந்தக் காய்ச்சல் என்று நினைத்து மருந்து கொடுக்கப்பட்டவர்களில் சிலருக்கு உண்மையில் இருந்தது டைபாய்டு. அவர்களும் குணமடைந்தார்கள்! உட்வர்டு, ஸ்மாடல் முதலியோர் அதே ஆண்டில் இதை அறிவித்தார்கள். அதற்கு முன் டைபாய்டுக்கு என்று மருந்தே கிடையாது. கஞ்சியும் கடவுளும்தான். பத்துப் பேருக்கு வந்தால் ஒருவரோ இருவரோ பிழைக்கமாட்டார்கள். நம் பெரியவர்கள் அதை விஷக்காய்ச்சல் என்று சொல்லி நடுங்கியதில் வியப்பில்லை. குளோராம்பெனிக்கால் வந்தபின் அந்த நடுக்கம் கால் நூற்றாண்டுக் காலம் தணிந்திருந்தது.

பிறகு 1972 வந்தது. நமக்கு அடுத்த மாநிலமான கேரளத்தில், கோழிக்கோட்டில், குளோராம்பெனிக்காலுக்குக் கட்டுப்படாத டைபாய்டு தோன்றியது. அதே ஆண்டில் உலகின் மறுகோடியில் மெக்சிகோ நாட்டிலும் ஆயிரக்கணக்கானோருக்கு இப்படிப்பட்ட டைபாய்டு பரவியது. கோழிக்கோடு மருத்துவக் கல்லூரியின் சி.கே. ஜெயராம் பணிக்கர், கே.என். விமலா இருவரும் நோயாளிகளின் கிருமியைச் சோதித்து, 'நேச்சர்' என்னும் புகழ்பெற்ற ஆங்கில இதழில் 1972-இலேயே எழுதினார்கள். மருந்து கேட்கவில்லை என்பது மட்டும் அவர்களுடைய செய்தி அன்று. அந்த எதிர்ப்பாற்றல் கைமாறக்கூடியது என்பதே கட்டுரையின் தலைப்பில் இருந்த சொல். பணிக்கர் அவர்கள் பின்னர் ஆர். அனந்தநாராயணன் அவர்களோடு சேர்ந்து எழுதிய நுண்ணுயிரியல் நூல் இன்றும் மருத்துவ மாணவர்களின் கையில் இருக்கிறது. எங்கள் பள்ளியிலிருந்து மருத்துவம் படிக்கப்போன அக்காமார்களும் அதைப் படித்ததாகச் சொல்கிறார்கள். விமலா அவர்களைப் பற்றி இவ்வளவு பேசக் கேட்டதில்லை. டைபாய்டுக் கிருமியின் கையில் இருந்த இரவல் பொருளைக் கண்டுபிடித்தவர்களில் ஒருவர் பெண் என்பதை இந்த மலரிலாவது எழுதி வைக்கிறோம்.

எதிர்ப்பாற்றல் கைமாறுகிறதா என்று எப்படிச் சோதிப்பார்கள்? மருந்துக்கு அஞ்சாத ஒரு கிருமியையும், மருந்துக்கு மடியும் வேறொரு கிருமியையும் ஒரே குழம்பில் சில மணி நேரம் சேர்ந்து வாழவிடுவார்கள். இரண்டாவதை மட்டும் பிரித்தெடுத்து மறுபடியும் மருந்தில் வைத்துப் பார்ப்பார்கள். இப்போது அதிலும் சில மடியாமல் வளர்ந்தால், பக்கத்தில் இருந்தவரிடம் எதையோ வாங்கிக்கொண்டுவிட்டன என்று பொருள். பூவோடு சேர்ந்த நாரும் மணக்கும் என்பார்கள். இங்கே நாருக்கு மணம் மட்டும் வரவில்லை, பூக்கவே தெரிந்துவிட்டது.

இந்தச் சோதனைகள் நடக்கும் தட்டைப் பற்றி ஒரு சொல் சொல்லிவிட்டு மேலே போகிறோம், ஏனெனில் அதில் பெண்களின் கை இருக்கிறது. கிருமிகளை வளர்க்கும் கண்ணாடித் தட்டில் ஊற்றப்படும் கூழ், அகர் என்னும் கடற்பாசிப் பொருள். நோன்புக் காலத்தில் இசுலாமியத் தோழியர் வீட்டிலிருந்து வரும் 'கடல்பாசி' இனிப்பு இருக்கிறதே, அதே பொருள்தான். ஜெர்மனியில் கோக் அவர்களின் ஆய்வகத்தில், கோடை வெப்பத்தில் ஜெலட்டின் உருகி ஆய்வு கெட்டுப்போய்க்கொண்டிருந்தபோது, அங்கு வேலை செய்த ஹெஸ்ஸே என்பவரின் மனைவி ஃபன்னி ஹெஸ்ஸே, தம் சமையலறையில் பழக்கூழுக்குப் பயன்படுத்திய அகரைப் போட்டுப் பார்க்கச் சொன்னார். அது 1881-ஆம் ஆண்டு. அன்று முதல் இன்று வரை உலகத்து ஆய்வகங்களெல்லாம் அவர் சொன்னபடியே செய்கின்றன. கோக் அவர்கள் 1882-இல் எழுதியபோது அவர் பெயரைக் குறிப்பிடவில்லை. நம் இராமநாதபுரக் கடலோரத்தில் மீனவப் பெண்கள் மூழ்கி மூழ்கிப் பறித்து வரும் பாசியும் இந்த அகருக்காகத்தான். எங்கள் தோழியின் தாளில் இருந்த 'எஸ்', 'ஆர்' எழுத்துகள் இப்படி ஒரு தட்டிலிருந்து வந்தவைதாம் என்று ஆசிரியை சொன்னார்கள். கிருமி பூசிய கூழின்மேல் மருந்தில் நனைத்த சிறு காகிதப் பொட்டுகளை வைப்பார்கள். மருந்து கேட்டால் பொட்டைச் சுற்றிக் கிருமி வளராத தெளிந்த வட்டம் தெரியும். கேட்காவிட்டால் பொட்டின் ஓரம் வரை கிருமி மேவி நிற்கும்.

சரி, கைமாறுவது எது? பாக்டீரியாவின் முதன்மையான டி.என்.ஏ. தவிர, பல பாக்டீரியாக்களிடம் வளையல் போன்ற சிறு சிறு டி.என்.ஏ. வளையங்களும் உண்டு. இவற்றுக்குப் பிளாஸ்மிட் என்று 1952-இல் பெயரிட்டவர் ஜோஷுவா லெடர்பர்க். அவரே 1946-இல், இருபத்தொரு வயதில், டேட்டம் அவர்களோடு சேர்ந்து பாக்டீரியாக்கள் இணைந்து மரபுப்பொருளைப் பரிமாறிக்கொள்கின்றன என்று காட்டியவர். அவருக்கு 1958-இல் நோபல் பரிசு கிடைத்தது. இந்த இணைவுக்குத் திறவுகோலான எஃப் காரணியைக் கண்டறிந்ததில் பெரும் பங்கு கொண்ட அவருடைய மனைவி எஸ்தர் லெடர்பர்க் அவர்களுக்குக் கிடைக்கவில்லை. (இதை வாசித்தபோது எங்கள் வகுப்பில் எழுந்த சத்தம் அடுத்த வகுப்புக்கும் கேட்டது.)

இணைவு நடக்கும் முறை இது. பிளாஸ்மிட் வைத்திருக்கும் பாக்டீரியா மெல்லிய இழை ஒன்றை நீட்டி, அருகில் உள்ளதைத் தன் பக்கம் இழுத்துக்கொள்கிறது. இரட்டைப் புரியாக இருக்கும் பிளாஸ்மிட்டின் ஒரு புரி மட்டும் அவிழ்ந்து அடுத்த செல்லுக்குள் போகிறது. இரண்டு பக்கமும் விடுபட்ட புரியை நிரப்பி எழுதிக்கொள்ள, இரண்டிடமும் முழு வளையம் ஆகிவிடுகிறது. விடுதியில் ஒருத்தியின் கணக்குக் குறிப்பேடு இரவு பத்து மணிக்குள் எல்லாக் கட்டிலுக்கும் போய்விட்டு, காலையில் அவளிடமே திரும்பியிருக்குமே, அதுபோல. வாங்கியவள் அதே குறிப்பை வேறொருத்திக்கும் கொடுக்கலாம். குளோராம்பெனிக்கால் பிளாஸ்மிட்டில் எழுதியிருந்த குறிப்பு என்ன தெரியுமா? கிருமியின் புரதத் தொழிற்சாலையில் போய் ஒட்டிக்கொண்டு அதை நிறுத்துவது அந்த மருந்தின் வேலை. மருந்தின்மேல் ஒரு சிறு வேதிப்பொருளை ஒட்டவைத்து, அது எங்கும் போய் ஒட்டமுடியாதபடி செய்யும் நொதியம் ஒன்றைத் தயாரிக்கும் முறையே அந்தக் குறிப்பு.

கைமாற்றுக்கு வேறு இரண்டு வழிகளும் உண்டு. செத்துப்போன பாக்டீரியா உடைந்து சிந்திய டி.என்.ஏ.வை உயிரோடிருப்பது உறிஞ்சிக்கொள்வது ஒன்று. பூட்டிக் கிடக்கும் வீட்டுத் திண்ணையில் கிடந்த சீட்டை வழிப்போக்கர் எடுத்துக்கொள்வது போன்றது இது. பாடத்தில் இயல்பு மாற்றம் என்று படிக்கிறோம். மற்றொன்று, பாக்டீரியாவைத் தாக்கும் வைரஸ், ஒரு வீட்டுக் காகிதத்தைத் தவறுதலாகத் தன் பையில் போட்டுக்கொண்டு அடுத்த வீட்டில் போட்டுவிடுவது. இது மரபணு ஊடுகடத்தல். ஜிண்டர், லெடர்பர்க் இருவரும் 1952-இல் அறிவித்தது. முதல் வழியை எலிகளில் கண்டவர் லண்டனில் இருந்த கிரிஃபித். கட்டுரை வந்தது 1928-இல். அதே லண்டனில், அதே 1928-இல்தான் ஃபிளெமிங் பெனிசிலினைக் கண்டார். கிருமியைக் கொல்லும் வழியும், கிருமி தன்னை மாற்றிக்கொள்ளும் வழியும் ஒரே ஊரில் ஒரே ஆண்டில் வெளிப்பட்டும் ஒன்றை மற்றொன்றோடு அப்போது யாரும் சேர்த்துப் பார்க்கவில்லை என்பதை நினைத்தால் எங்களுக்கு வியப்பாக இருக்கிறது.

சேர்த்துப் பார்க்க வைத்தவர்கள் ஜப்பானியர். போருக்குப் பிந்திய ஜப்பானில் இரத்தக்கழிச்சல் நோய்க்கிருமி ஒரே நேரத்தில் நான்கு மருந்துகளை எதிர்த்தது. நான்கையும் ஒவ்வொன்றாகக் கற்றுக்கொண்டது என்றால் அவ்வளவு விரைவில் நடந்திருக்க முடியாது. அந்த நோயாளிகளின் குடலில் இயல்பாக வாழும் ஈ. கோலை பாக்டீரியாவும் அதே நான்கை எதிர்த்ததைக் கவனித்தார்கள். ஒன்று மற்றொன்றுக்கு மொத்தமாகக் கொடுக்கிறது என்பதை ஓச்சியாய், அக்கிபா ஆகியோர் 1959-இல் நிறுவினார்கள். பதின்மூன்று ஆண்டுகளுக்குப் பின் கோழிக்கோட்டில் நடந்தது அதன் மறுபதிப்பு.

எங்களை மிகவும் யோசிக்க வைத்தது இந்த ஈ. கோலைதான். அது பெரும்பாலும் யாருக்கும் தீங்கு செய்யாமல் நம் ஒவ்வொருவரின் குடலிலும் குடியிருக்கிறது. மனித உடலில் மொத்தம் சுமார் 38 லட்சம் கோடி பாக்டீரியாக்கள் வாழ்வதாகக் கணக்கிட்டிருக்கிறார்கள், பெரும்பாலானவை குடலில். சளிக்காக ஒருவர் கடையில் ஆன்டிபயாடிக் வாங்கிச் சாப்பிடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். சளி பெரும்பாலும் வைரஸால் வருவது. அதை அந்த மருந்து தொடவே தொடாது. ஆனால் மருந்து வயிற்றுக்குள் போய்ச் சும்மா இருப்பதில்லை. அங்குள்ள கூட்டத்தில் மருந்துக்கு மடிபவை மடிகின்றன; எதிர்ப்புக் குறிப்பு வைத்திருப்பவை பிழைத்துப் பெருகி, காலியான இடத்தையெல்லாம் நிரப்புகின்றன. என்றோ ஒருநாள் கெட்ட தண்ணீரோடு டைபாய்டுக் கிருமி அதே குடலுக்கு வரும்போது, அண்டை வீட்டில் குறிப்பு தயாராக இருக்கிறது. மருந்து சாப்பிட்டவருக்குச் சளி மூன்றாம் நாள் தானாகவே போயிருக்கும். மாத்திரைக்குத்தான் நல்ல பெயர்!

இனி ஐயாவின் கேள்விக்கு வருகிறோம். ஏறத்தாழ 1990-ஆம் ஆண்டையொட்டி இந்தியா முழுவதும் டைபாய்டுக் கிருமி குளோராம்பெனிக்கால், ஆம்பிசிலின், கோட்ரைமாக்சசோல் மூன்றையும் சேர்த்து எதிர்க்கத் தொடங்கியது. எல்லாம் பிளாஸ்மிட் தந்த சொத்து. மருத்துவர்கள் புதிதாக வந்த சிப்ரோஃப்ளாக்சசினுக்கு மாறினார்கள். சில ஆண்டுகளில் அதற்கும் எதிர்ப்பு வந்தது. இந்த முறை அது பெரும்பாலும் கைமாற்றாக வரவில்லை. கிருமியின் சொந்த மரபணுவில் நேர்ந்த ஓர் எழுத்துப் பிழை, தாயிடமிருந்து மகளுக்கு என்று பழமொழிப்படி பரவியது. இதற்கிடையில் பழைய மருந்துகளை டைபாய்டுக்கு யாரும் கொடுப்பதில்லை. மருந்தே வராத இடத்தில் அந்தப் பிளாஸ்மிட்டைச் சுமந்து திரிவது வீண் செலவு. ஒவ்வொரு முறை பிளக்கும்போதும் அதையும் நகலெடுக்கவேண்டும். சுமை இல்லாத கிருமிகள் வேகமாகப் பெருகி முன்னுக்கு வந்தன. ஆகவே நாட்டின் பல இடங்களில் டைபாய்டுக் கிருமி மறுபடியும் குளோராம்பெனிக்காலுக்குக் கட்டுப்படுகிறது. இதைச் சொன்னதும் ஐயா, "அப்ப, கொடுக்காம வச்சிருந்ததாலதான் அது பொழச்சுச்சு" என்றார். நாங்கள் இவ்வளவு எழுதியதை அவர் ஒரு வரியில் முடித்துவிட்டார்.

அதற்காக எல்லோரும் குளோராம்பெனிக்காலுக்குத் திரும்பிவிடலாம் என்று எண்ணவேண்டாம். அரிதாக அது எலும்பு மச்சையைக் கெடுத்துவிடும். பரவலாகக் கொடுத்தால் பிளாஸ்மிட்டும் மறுபடி வந்து சேரும். அது எங்கும் ஒழிந்துபோய்விடவில்லை. பாகிஸ்தானில் சிந்து மாகாணத்து ஹைதராபாத்தில் 2016-இல் தொடங்கிய டைபாய்டு, எங்கள் தோழியைக் காப்பாற்றிய செஃப்ட்ரியாக்சோனையும் எதிர்த்தது. ஆராய்ந்தபோது, ஈ. கோலை போன்ற கிருமிகளிடம் காணப்படும் பிளாஸ்மிட் ஒன்றை அது பெற்றிருப்பது தெரிந்தது. அசித்ரோமைசினும் மிக உயர்ந்த சில ஊசி மருந்துகளும்தான் மிஞ்சின. அந்நாடு 2019-இல் குழந்தைகளுக்குப் புதிய டைபாய்டுத் தடுப்பூசியைப் போடத் தொடங்கியது. அது நம் இந்திய ஹைதராபாத்தில் தயாரானது.

தமிழ்நாட்டையும் விட்டுவிடக்கூடாது. இந்திய வம்சாவளியைச் சேர்ந்த ஸ்வீடன் நாட்டவர் ஒருவர் புதுதில்லியில் மருத்துவமனையில் இருந்துவிட்டு ஊர் திரும்பியபின், 2008-இல் அவரிடம் மிக உயர்ந்த மருந்துகளையும் உடைக்கும் நொதியம் கொண்ட கிருமி ஒன்று கண்டறியப்பட்டது. அவருடைய குடலில் இருந்த ஈ. கோலையிலும் அதே மரபணு இருந்தது. அவர் உடலுக்குள்ளேயே கைமாறியிருக்கவேண்டும் என்று கருதினார்கள். அதற்கு என்.டி.எம்.-1 என்று, புதுதில்லியின் பெயரையே வைத்தார்கள். பின்னர் 2010-இல் லான்செட் குழும இதழ் ஒன்றில் வந்த ஆய்வின் முதல் ஆசிரியர், சென்னைப் பல்கலைக்கழகத்தின் தரமணி வளாகத்தைச் சேர்ந்த கார்த்திகேயன் குமாரசாமி. சென்னையில் 44, ஹரியானாவில் 26, இங்கிலாந்தில் 37, இந்தியா பாகிஸ்தானின் பிற இடங்களில் 73 என்று அந்த மரபணு கொண்ட கிருமிகளை அவர்கள் எண்ணிக் காட்டினார்கள். நாட்டின் பெயரைக் கெடுப்பதாகப் பெருஞ்சண்டை எழுந்தது. ஊர்ப்பெயரை நோய்க்கு வைப்பது எங்களுக்கும் பிடிக்கவில்லை. ஆனால் பெயரைப் பற்றிய சண்டை ஓயும் முன்பே, 2011-இல் தில்லியில் எடுத்த 50 குழாய்நீர் மாதிரிகளில் இரண்டிலும், தெருவில் தேங்கிய 171 நீர் மாதிரிகளில் 51-இலும் அந்த மரபணு இருந்தது என்று செய்தி வந்தது. எங்களுக்கு அதுவே பெரிதாகப் படுகிறது. எங்கள் பகுதியில் குடிக்கும் ஊரணி வேறு, குளிக்கும் குளம் வேறு; குடிநீர் ஊரணியில் காலை நனைக்கக்கூட விடமாட்டார்கள். பிளாஸ்மிட் என்ற பெயரை அறியாத நம் முன்னோர் கைமாற்று நடக்கும் கடையைச் சுவர் எழுப்பி அடைத்து வைத்திருந்தார்கள்.

சென்னையில் 2012-இல் மருத்துவச் சங்கங்கள் கூடி ஒரு பிரகடனம் செய்தன. 2014 மார்ச் முதல் எச்1 என்னும் பட்டியலில் உள்ள மருந்துகளை விற்கும் கடைக்காரர், மருத்துவர் பெயரையும் நோயாளி பெயரையும் பதிவேட்டில் எழுதி மூன்று ஆண்டுகள் வைத்திருக்கவேண்டும் என்று சட்டம் வந்தது. மற்ற ஆன்டிபயாடிக் மருந்துகளையும் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாது. அட்டையில் சிவப்புக் கோடு போட்டிருப்பது அதற்காகத்தான். கோழிப்பண்ணைகளில் தீவனத்தோடு கொடுக்கப்பட்டு வந்த கொலிஸ்டின் 2019-இல் தடை செய்யப்பட்டது. மனிதர்களுக்குக் கடைசிப் புகலிடமான அந்த மருந்து, கோழிகள் கொழுப்பதற்காகவும் செலவாகிக்கொண்டிருந்தது! உலகம் முழுவதும் மருந்துக்குக் கட்டுப்படாத பாக்டீரியாக்களால் 2019-ஆம் ஆண்டில் மட்டும் சுமார் 12 லட்சத்து 70 ஆயிரம் பேர் இறந்ததாகக் கணக்கிட்டிருக்கிறார்கள்.

இவ்வளவும் படித்தபின் ஒரு சனிக்கிழமை எங்கள் எங்கள் வீட்டு மருந்து டப்பாவைத் திறந்து பார்ப்பது என்று முடிவு செய்தோம். அநேகமாக எல்லா வீட்டிலும் ஒரு பழைய பிஸ்கட் டப்பா இருந்தது. தைலம், அயோடெக்ஸ், தலைவலி மாத்திரை இவற்றுக்கு நடுவே, இரண்டு மூன்று மாத்திரை மிஞ்சிய சிவப்புக் கோட்டு அட்டைகளும் இருந்தன. ஒருத்தியின் அப்பத்தா, "காசு குடுத்து வாங்குனதத்தா, தூரப் போட மனசு வருமா? பக்கத்து வீட்டுப் பேரனுக்குக் காச்சல்னா குடுக்கலாம்ல" என்றார்களாம். அவர்களைக் குறை சொல்ல எங்களுக்கு மனம் வரவில்லை. ஒருநாள் கூலியை இழந்து திருச்சிக்கோ புதுக்கோட்டைக்கோ பேருந்தில் போய், மருத்துவரைப் பார்க்க மணிக்கணக்கில் காத்திருப்பதைவிட, தெருமுனைக் கடையில் நான்கு மாத்திரை வாங்குவது எளிதாகத்தான் இருக்கிறது. சில தொற்றுகளுக்கு முன்பைவிடக் குறைந்த நாட்கள் மருந்து போதும் என்று இப்போது மருத்துவர்களே சொல்கிறார்கள். எத்தனை நாள் என்பதைச் சீட்டு எழுதியவர் சொல்லவேண்டும். காய்ச்சல் விட்ட மறுநாள் நாமாக நிறுத்துவதும், மிச்சத்தை அடுத்த வீட்டுக்குக் கொடுப்பதும் வேறு கதை. அரிசியைக் கைமாற்றாகக் கொடுக்கும் நல்ல மனம்தான் மாத்திரையையும் கொடுக்கிறது என்று உயிரியல் ஆசிரியை சொன்னபோது, யாரும் சிரிக்கவில்லை.

மிஞ்சிய மாத்திரைகளை என்ன செய்வது? குப்பையில் போட்டால் மண்ணுக்கும், சாக்கடையில் போட்டால் தண்ணீருக்கும் போகும். அங்கேயும் பாக்டீரியாக்கள் உண்டு. கேரள அரசு வீடுகளில் பயன்படாமல் கிடக்கும் மருந்துகளைத் திரும்பச் சேகரித்து, முறையாக அழிக்கும் திட்டம் ஒன்றை 2025-இல் தொடங்கியிருக்கிறது. அதை முதலில் தொடங்கிய ஊர் கோழிக்கோடு! பணிக்கரும் விமலாவும் ஐம்பத்து மூன்று ஆண்டுகளுக்கு முன்பு எழுதிய அதே கோழிக்கோடு. எங்கள் ஊரில் அப்படி ஒரு பெட்டியை நாங்கள் இதுவரை பார்த்ததில்லை. இப்போதைக்கு எங்கள் வீடுகளில் கிடைத்த அட்டைகளெல்லாம் ஒரு காகிதப் பைக்குள் கட்டப்பட்டு, மேலே 'உபயோகிக்கக் கூடாது' என்று எழுதி, விடுதி நோயாளர் அறையின் அலமாரியில் பூட்டி வைக்கப்பட்டிருக்கின்றன. சாவி சிஸ்டர் அவர்களிடம் இருக்கிறது. அதை எங்கே ஒப்படைப்பது என்று கேட்டு, புதுக்கோட்டையில் மாவட்ட அதிகாரிகளுக்கு ஒரு கடிதம் எழுதியிருக்கிறோம்.